கணையம்: ஒரே உறுப்பு, இரண்டு வாசல்

கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்கி, ரத்தம் குறைவாக இருக்கும் பிள்ளைக்கு மிளகு போட்டு வதக்கிக் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அந்தச் சுவரொட்டிதான் மண்ணீரல். ஆட்டின் வயிற்றுக்குள் அதை ஒட்டினாற்போல இன்னொரு உறுப்பும் கிடக்கும். வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். தொட்டால் மெத்தென்று இருக்கும். சின்னச் சின்ன மணிகளைக் கூட்டி ஒட்டியது போன்ற மேற்பரப்பு. பார்த்தால் கொழுப்புத் துண்டு என்றே தோன்றும். அதுதான் கணையம்.

என் சித்திக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று, "கணையம்னா மண்ணீரல்தானேப்பா?" என்று கேட்டார். இரண்டும் வேறு. மண்ணீரல் ரத்தத்தில் உள்ள பழைய சிவப்பணுக்களைக் கழிக்கும், நோய் எதிர்ப்புக்கு உதவும். விபத்தில் அடிபட்டு அதை எடுத்துவிட்டாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். கணையத்தை முழுதாக எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மருந்தின் துணை வேண்டும். சித்திக்கு அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். தொப்புளுக்கும் நெஞ்செலும்பின் அடிநுனிக்கும் நடுவே உள்ளங்கையைக் குறுக்காக வையுங்கள். அதற்கு நேர் பின்னால், இரைப்பைக்கும் பின்னே, முதுகெலும்புக்கு முன்னால் கணையம் குறுக்காகப் படுத்திருக்கிறது. நீளம் சுமார் 15 செ.மீ., எடை 100 கிராமுக்குள். வலப்பக்கத்துத் தடித்த பகுதிக்குத் தலை என்று பெயர். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் குடல் ஒரு வளைவு வளைகிறதே, அந்த வளைவுக்குள், மடியில் தலை வைத்துப் படுத்தது போல அது அடங்கியிருக்கும். இடப்பக்கம் போகப் போக மெலிந்து வாலாகி மண்ணீரலைத் தொடுகிறது.

பழந்தமிழில் கணையம் என்றால் கோட்டைக் கதவின் குறுக்கே போடும் மரம். வயிற்றின் குறுக்கே கிடக்கும் இந்த உறுப்பை நினைவில் வைக்க அந்தப் படம் நன்றாகவே உதவும். இலங்கைப் பாடநூல்களில் இதைச் சதையி என்கிறார்கள். கிரேக்கத்தில் இதற்கு வைத்த பெயருக்கும் 'எல்லாம் சதை' என்றுதான் பொருள். எலும்போ குருத்தெலும்போ இல்லாத வெறும் சதை என்று பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு உள்ளே ஒளிந்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கல்லீரல் வீங்கினால் மருத்துவர் வயிற்றை அழுத்தும்போது கைக்குத் தட்டுப்படும். கணையம் சாதாரணமாகத் தட்டுப்படாது. அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனில்கூட, முன்னால் இருக்கும் குடலில் வாயு நிறைந்திருந்தால் படம் மறைந்துவிடும். 'வாயு மறைப்பதால் கணையம் முழுமையாகத் தெரியவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த வரிக்குப் 'பார்க்க முடியவில்லை' என்பதற்கு மேல் வேறு அர்த்தம் கிடையாது. ஆனால் கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே பிடிபடுவதற்கும் இந்த மறைவிடம் ஒரு காரணம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். கணையத்துக்கு இரண்டு வாசல். ஒன்று குடலுக்குள் திறக்கிறது. அதன் வழியாகச் செரிமானச் சாறு போகும். இன்னொன்று ரத்தத்துக்குள் திறக்கிறது. அதன் வழியாக இன்சுலின் முதலான ஹார்மோன்கள் போகும். கணையம் என்றதும் நம் ஊரில் சுகர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் எடை போட்டுப் பார்த்தால் அதில் 100-க்கு 95 பங்குக்கு மேல் சாறு சுரக்கும் வேலைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஹார்மோன் சுரக்கும் பகுதி 1 முதல் 2 சதவீதம்தான்.

சாற்றின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் மூன்று இட்லி, சாம்பார், தொட்டுக்கொள்ளப் பொடியும் நல்லெண்ணெயும் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். இரைப்பை அதைக் கடுமையான அமிலத்தோடு சேர்த்துப் பிசைந்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் தள்ளுகிறது. இரைப்பைக்கு அந்த அமிலத்தைத் தாங்கத் தடித்த சளிப்படலம் இருக்கிறது. சிறுகுடலுக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. ஆகவே அமிலத்தை உடனே தணிக்க வேண்டும். அதற்குக் கணையம் அனுப்புவது பைகார்பனேட் கலந்த நீர். ஆப்பத்துக்குப் போடுகிறோமே சமையல் சோடா, அதில் இருக்கும் அதே பொருள்தான். எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை சோடா போட்டால் நுரைத்துப் பொங்கி, பிறகு புளிப்பு அடங்கிவிடும் இல்லையா? ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் நம் வயிற்றுக்குள் அதே வினை நடக்கிறது. ஒரு நாளைக்குக் கணையம் சுரக்கும் சாறு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். 100 கிராம்கூட இல்லாத உறுப்பு இது.

இரைப்பையிலிருந்து அமிலம் வந்துவிட்டது என்று பின்னால் படுத்திருக்கும் கணையத்துக்கு யார் சொல்கிறார்கள்? நரம்புதான் சொல்கிறது என்று 1900 வாக்கில் எல்லோரும் நம்பினார்கள். லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் 1902-இல் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, அதற்குள் அமிலத்தை ஊற்றிப் பார்த்தார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் சாறு சுரந்தது. குடலின் உள்தோலைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி ரத்தத்தில் செலுத்தினார்கள். அப்போதும் சுரந்தது. ஆக, குடல் ஒரு ரசாயனத்தை ரத்தத்தில் விடுகிறது, அது சுற்றிக்கொண்டு போய்க் கணையத்தை எழுப்புகிறது. அந்தப் பொருளுக்குச் செக்ரிட்டின் என்று பெயரிட்டார்கள். இப்படி ரத்தத்தின் வழியே தகவல் கொண்டு போகும் பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் ஹார்மோன் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இன்று தைராய்டு ஹார்மோன் முதல் எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் அந்தச் சொல், கணையத்தின் சாற்றைத் தேடிப் போனபோது பிறந்தது.

அமிலம் தணிந்ததும் நொதிகளின் வேலை. நான்கு பருக்கைச் சோற்றை விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருந்து பாருங்கள். மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை அறுத்துச் சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. அவசரமாக விழுங்கும் நமக்கு வாயில் அந்த வேலை முடிவதில்லை. மீதியைக் கணையத்தின் அமைலேஸ் முடித்து வைக்கிறது. நல்லெண்ணெயை லிப்பேஸ் பார்த்துக்கொள்ளும். கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர், எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு உடைப்பது போலச் சிறு துளிகளாக உடைத்துக் கொடுக்கும். லிப்பேஸ் அந்தத் துளிகளை அறுக்கும். பித்தநீர்க் குழாயும் கணையக் குழாயும் கிட்டத்தட்ட ஒரே துளை வழியாகத்தான் குடலில் திறக்கின்றன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சற்றுப் பிறகு தேவைப்படும். சாம்பாரில் இருக்கும் பருப்பின் புரதத்தை டிரிப்சின் அறுக்கிறது.

இங்கேதான் எனக்கு எப்போதும் வியப்பு. டிரிப்சின் புரதத்தை அறுக்கும் கத்தி. அதைச் செய்யும் கணையமும் புரதத்தால் ஆனதுதான். அப்படியானால் அது ஏன் தன்னையே அறுத்துக்கொள்வதில்லை? கணையம் அந்தக் கத்தியை உறையோடு செய்கிறது. உறை போட்ட நிலையில் அதன் பெயர் டிரிப்சினோஜன். அதனால் எதையும் அறுக்க முடியாது. உறையைக் கழற்றும் நொதியைக் கணையம் வைத்துக்கொள்வதே இல்லை. அது சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. சாறு குடலுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறை கழலும். ஒரு டிரிப்சின் விழித்தால் போதும், மற்ற டிரிப்சினோஜன்களின் உறையையும், மற்ற நொதிகளின் உறையையும் அதுவே கழற்றிவிடும். தவறிப்போய் உள்ளேயே ஒன்றிரண்டு விழித்துக்கொண்டால்? அதைப் பிடித்து அடக்க ஒரு காவல் புரதத்தையும் கணையம் கூடவே செய்து வைத்திருக்கிறது.

இந்த ஏற்பாடு உடையும்போது வருவது கணைய அழற்சி. அதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு: பித்தப்பைக் கல், மது. பித்தப்பையிலிருந்து நழுவி வரும் ஒரு சின்னக் கல் அந்தப் பொதுத் துளையில் வந்து அடைத்துக்கொண்டால், கணையத்தின் சாறு போக வழியின்றித் தேங்கும். நொதிகள் உள்ளேயே விழித்துக் கணையத்தை அறுக்கத் தொடங்கும். என் மாமாவுக்கு இப்படித்தான் ஆனது. மேல் வயிற்றில் ஆரம்பித்த வலி நேராக முதுகுக்குப் பாய்ந்தது. படுக்கவே முடியவில்லை. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தேவலாம் என்றார். வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் கொடுத்து ஒரு ராத்திரியை வீணாக்கினோம். மறுநாள் ரத்தத்தில் லிப்பேஸ் பார்த்தபோது இயல்பைவிடப் பல மடங்கு இருந்தது. குடலில் இருக்க வேண்டியது ரத்தத்தில் கசிந்திருந்தது. நல்லவேளையாகத் தேறிவிட்டார், அப்புறம் பித்தப்பையையும் எடுத்தார்கள். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும், வாந்தியோடு வரும், மணிக்கணக்கில் விடாத வலி என்றால் கை வைத்தியத்துக்குக் காத்திருக்காதீர்கள். கணைய அழற்சி உயிரைப் பறிக்கக்கூடியது.

இனி இரண்டாவது வாசல். 1869-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். சாறு சுரக்கும் செல்களுக்கு நடுவே, கடலில் தீவுகள் போல, வேறு விதமான செல்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. அவை என்ன செய்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்ததை மட்டும் பதிவு செய்தார். நம் பள்ளிப் புத்தகத்தில் வரும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் இவைதான். ஒரு கணையத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் திட்டுகள். அவற்றில் பீட்டா செல்கள் இன்சுலினையும், ஆல்ஃபா செல்கள் குளுக்ககானையும் சுரக்கின்றன.

இவற்றின் வேலை எவ்வளவு நுட்பமானது என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போடலாம். பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். சர்க்கரை அளவு ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 100 மில்லிகிராம் என்று வைத்தால், மொத்த ரத்தத்திலும் இருப்பது 5 கிராம். ஒரு டீஸ்பூன்! காலையில் சாப்பிட்ட மூன்று இட்லியில் மாவுச்சத்து 30 கிராமை ஒட்டி இருக்கும். அதாவது ரத்தத்தில் இருப்பதைப் போல ஆறு மடங்கு, ஓரிரு மணி நேரத்துக்குள் உள்ளே வந்து சேர்கிறது. ஆரோக்கியமாக இருப்பவருக்கு அப்போதும் அளவு பெரும்பாலும் 140-ஐத் தாண்டுவதில்லை.

சர்க்கரை ஏறியதைப் பீட்டா செல் எப்படி அறிகிறது என்றால், எரித்துப் பார்த்துத்தான். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது செல்லுக்குள்ளும் கூடும். செல் அதை எரித்து ஆற்றலாக்கும். ஆற்றல் கூடியதும் செல்லின் சுவரில் இருக்கும் பொட்டாசியம் வழிகள் மூடிக்கொள்கின்றன; அதனால் மின்னழுத்தம் மாறிக் கால்சியம் உள்ளே பாய்கிறது; தயாராகப் பொதிந்து வைத்த இன்சுலின் வெளியே கொட்டுகிறது. பலர் வீட்டு மாத்திரை டப்பாவில் இருக்கும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை இந்தப் பொட்டாசியம் வழியைத்தான் மூடுகிறது. சர்க்கரை ஏறாவிட்டாலும் அது மூடிவிடும். அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் கை நடுங்கி, வேர்த்து, தலை சுற்றுவது இதனால்தான்.

வெளியே வந்த இன்சுலின் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அங்கே சர்க்கரையைச் சேமிக்கச் சொல்கிறது. பிறகு தசைகளுக்கும் கொழுப்புச் செல்களுக்கும் போய், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ள வைக்கிறது. ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிடங்கள்தான். அதனால்தான் கணையத்தால் தேவையை நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிக் குறைக்க முடிகிறது.

"ராத்திரி இரண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன், காலையில் வெறும் வயிற்றில் 160 காட்டுதே, எங்கிருந்து வந்தது?" என்று சித்தி ஒரு நாள் கேட்டார். நியாயமான கேள்வி. தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். ஆல்ஃபா செல்கள் குளுக்ககானை அனுப்பிக் கல்லீரலின் கிட்டங்கியைத் திறக்கச் சொல்கின்றன. கல்லீரல் சேமித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. அது அளவோடு நிற்க வேண்டும் என்று கடிவாளம் பிடிப்பது இன்சுலின். இன்சுலின் போதாவிட்டாலோ, கல்லீரல் அதன் பேச்சைக் கேட்காவிட்டாலோ, ராத்திரி முழுக்கக் கிட்டங்கி திறந்தே கிடக்கும். காலையில் மீட்டரில் தெரிவதில் பெரும்பங்கு சித்தியின் கல்லீரல் கொடுத்த சர்க்கரை. சப்பாத்தியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கணையத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் தெரியவந்தது. ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசஃப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். அதன் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. அப்படியென்றால் கணையத்தை அரைத்துப் பிழிந்து மருந்தாக்கலாமே? முப்பது ஆண்டுக்கு மேல் பலர் முயன்றும் சரியாக வரவில்லை. முதல் வாசல் குறுக்கே நிற்கிறது என்று கருதினார் கனடாவின் ஃபிரெட்ரிக் பேண்டிங்: இன்சுலின் ஒரு புரதம், கணையத்தை அரைத்தால் நொதிகள் அதை அறுத்துவிடும். சாறு போகும் குழாயைக் கட்டிவிட்டால் சாறு சுரக்கும் செல்கள் வாடிவிடும், திட்டுகள் மிஞ்சும் என்பது அவருடைய யோசனை. 1921 கோடையில் டொரோன்டோவில், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வகத்தில், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரோடு நாய்களில் தொடங்கினார். பின்னால் சாராயத்தைக் கொண்டு பிரித்தெடுக்கும் எளிய வழி கிடைத்தது. ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் அதைச் சுத்தப்படுத்தினார். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி பெரிதாகப் பலன் தரவில்லை. சில நாள் கழித்துச் சுத்தமான மருந்தைப் போட்டதும் சர்க்கரை இறங்கியது. அதுவரை அந்த நோய் வந்த குழந்தைகள் ஓரிரு ஆண்டுகளில் இறந்துகொண்டிருந்தார்கள்.

இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்க முடியாமல் ஊசியாகப் போடுகிறோம் என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. விழுங்கினால் பருப்புப் புரதத்துக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும்.

முதல் வகைச் சர்க்கரை நோயில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வந்தது என்று அந்தக் குழந்தையையோ பெற்றவர்களையோ குறை சொல்வது பெரும் அநியாயம். இரண்டாம் வகையில், செல்கள் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. பீட்டா செல்கள் ஆண்டுக்கணக்கில் கூடுதலாகச் சுரந்து ஈடுகொடுத்து, பிறகு மெல்லத் தளர்கின்றன. ஊசிக்கு மாறச் சொன்னால் 'கடைசிக் கட்டம் வந்துவிட்டது' என்று அழுபவர்கள் உண்டு. சித்தியும் அழுதார். தளர்ந்த செல் சுரக்க முடியாததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

கடைசியாக, தென்னிந்தியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மது பக்கமே போகாத இளம் வயதினருக்குக் கணையத்தில் கல் உண்டாகும் ஒரு நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பார்க்கப்படுகிறது. 1959-இல் இந்தோனேசியாவில் ஸைதமா என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். பிறகு கேரளத்தில் கீவர்கீஸ் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான நோயாளிகளை வைத்து விரிவாக ஆராய்ந்தார். சிறு வயதில் அடிக்கடி வயிற்று வலி. சில ஆண்டுகளில் சர்க்கரை நோய். சாதாரண எக்ஸ்ரேயிலேயே முதுகெலும்பின் இரு பக்கமும் குறுணை அரிசி சிதறியது போல வெள்ளைக் கற்கள். மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று வெகுகாலம் சந்தேகப்பட்டார்கள். கிழங்கே சாப்பிடாதவர்களுக்கும் வந்ததால் அது நிரூபணமாகவில்லை. விழித்துக்கொண்ட டிரிப்சினை அடக்கும் காவல் புரதம் என்று சொன்னேன் அல்லவா, அதன் மரபணுவில் மாற்றம் இருப்பது இந்த நோயாளிகள் பலரிடம் தெரியவந்திருக்கிறது.

இந்த நோயில் இரண்டு வாசலும் அடைபடுகின்றன. லிப்பேஸ் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்போது கொழுப்பு செரிக்காமல் மலத்தில் எண்ணெயாக மிதக்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். அப்படிப்பட்ட ஒருவர் சாப்பிட உட்காரும்போது முதலில் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். பிறகு முதல் கவளத்தோடு ஒரு கேப்ஸ்யூலை விழுங்குகிறார். பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகள் அதில் சிறு மணிகளாக இருக்கின்றன; இரைப்பையின் அமிலத்தில் கரையாமல் சிறுகுடலுக்குப் போய்க் கரையும்படி மேல்பூச்சு பூசியிருப்பார்கள். பெரிய சாப்பாடு என்றால் பாதியில் இன்னொன்று. அதன் பிறகுதான் அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொள்கிறார்.